மின்சாரக் காரின் ஓட்டுநர் உதவி அமைப்பு: சுங்கை சிப்புட் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டி எங்கள் பட்டறை இருக்கிறது. முன்பெல்லாம் செம்பனை லோரிகளின் வயரிங் வேலைதான் அதிகம். இப்போது வாரம் தவறாமல் ஒரு மின்சாரக் காராவது வந்து நிற்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு பேட்டரியைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ கவலை இல்லை. திரையில் மஞ்சள் விளக்கு எரிகிறது, கார் தானாக பிரேக் பிடிக்கிறது, ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது என்பவைதான் அவர்களுடைய முறையீடுகள். ஒரே பதிலைப் பலரிடம் சொல்லிச் சொல்லி, எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது.

இந்த உதவி அமைப்பு எதைக் கொண்டு சாலையைப் பார்க்கிறது?

பெரும்பாலான கார்களில் மூன்று வகைக் கண்கள் உண்டு. முன் கண்ணாடியின் மேற்பகுதியில், உட்புறப் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும். முன் பம்பரிலோ நிறுவனச் சின்னத்தின் பின்னாலோ ரேடார் இருக்கும். பின் பம்பரின் இரு மூலைகளிலும் சிறிய ரேடார்கள் இருக்கும். பம்பர்களில் பொத்தான் போலத் தெரிகிற வட்டங்கள், கார் நிறுத்தும்போது உதவும் ஒலி உணரிகள். கேமரா கோடுகளையும் ஆட்களையும் பலகைகளையும் பார்க்கிறது. ரேடார் தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. இரண்டும் ஒரே செய்தியைச் சொன்னால் கணினி துணிந்து முடிவெடுக்கும். ஒன்று மங்கினாலும் அது தன் வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்கு அறிவித்துவிடும். அந்த அறிவிப்பைப் பழுது என்று எண்ணித்தான் பலர் பதறுகிறார்கள்.

லிந்தாங் பக்கம் தோட்டத்துக்குள் போய் வந்தால் ‘முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று வருகிறது. ரேடார் கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. கார்களின் முன் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். காய்ந்த தூசி அதை அவ்வளவாகத் தடுக்காது. ஈரம்தான் எதிரி. தோட்டத்துச் செம்மண் மழையில் குழைந்து பம்பரில் அப்பிக்கொண்டால், அந்த ஈரச் சேறு அலையை விழுங்கிவிடும். மோதித் திரும்பி வரும் அலை இல்லாததால், தன் முன்னால் எதுவோ மறைக்கிறது என்று ரேடார் சரியாகவே சொல்கிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான துணியை நனைத்துத் துடையுங்கள். உயரழுத்தக் குழாயை அருகில் பிடித்து அடிக்க வேண்டாம். ஓரங்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், சில நேரம் ரேடாரின் தாங்கியே சற்று அசைந்துவிடும். துடைத்த பிறகு சில கிலோமீட்டர் ஓட்டினால் எச்சரிக்கை தானாக மறையும்.

ஒருநாள் காலை புத்தம் புதிய வெள்ளைக் கார் ஒன்று வந்தது. உரிமையாளர் கிட்டத்தட்ட அழும் நிலையில் இருந்தார். வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முன்புற மோதல் எச்சரிக்கை, முன்னால் போகும் காருக்கேற்ப வேகத்தை மாற்றும் தகவமைப்பு வேகக் கட்டுப்பாடு இரண்டும் இல்லை என்று திரை சொன்னது. நான் காரைச் சுற்றி வந்து முன்னால் குனிந்தேன். மாரியம்மன் கோயிலில் பூசை போட்ட மாலை இன்னும் வாடாமல் தொங்கியது. அதை மெதுவாக விலக்கினால், சின்னத்தின் மேல் சந்தனம் கட்டியாகக் காய்ந்து அதன் நடுவில் குங்குமம். ரேடார் சரியாக அதன் பின்னால்தான். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். சந்தனத்தை ஊறவைத்து நகம் படாமல் எடுத்தோம். கோலகங்சார் சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பூசை போடுங்கள், மனதார வேண்டிக்கொள்ளுங்கள். பொட்டை மட்டும் பானட்டின் மேல் வையுங்கள், மாலையை வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மின்சாரக் கார்களுக்கென்று சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய எண்பலகையையோ வேறெந்தப் பலகையையோ மாட்டும்போது, தடித்த சட்டம் போட்டுச் சற்று மேலே ஏற்றி மாட்டிவிடுகிறார்கள். அதன் விளிம்பு ரேடாரின் முன்னால் வந்தால் எத்தனை முறை கழுவினாலும் எச்சரிக்கை போகாது.

மழை விட்ட காலையில் கேமரா வேலை செய்வதில்லை. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. ஏன்?

கேமராவின் முன்னால் உள்ள சிறு கண்ணாடிப் பகுதியில், உட்புறமாகப் பனி படிகிறது. குளிர்சாதனக் காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி ஐந்து நிமிடம் விடுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் நாளடைவில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று சேரும். வெயிலில் காயும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெளியாகும் ஆவி அது. காலை வெயில் நேராக அடிக்கும்போது அந்தப் படலம் ஒளியைச் சிதறடித்து கேமராவின் பார்வையைக் கெடுக்கும். கேமராவின் மூடியைக் கழற்றித் துடைப்பதைப் பட்டறையிடம் விடுங்கள். வெளிப்புறத்தை நீங்களே துடைக்கலாம். வைப்பர் ரப்பர் தேய்ந்து கேமராவுக்கு நேராகக் கோடு விட்டுச் செல்கிறதா என்றும் பாருங்கள்.

கறுப்புத் தாள் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிப்படி முன் கண்ணாடி 70 சதவீதமும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். விதிக்குட்பட்ட தாளானாலும் கேமராவின் முன்னால் உள்ள பகுதியை வெட்டி விட்டுவிடச் சொல்லுங்கள். டோல் கட்டண ஆர்எஃப்ஐடி வில்லையையும் அந்தப் பக்கம் ஒட்ட வேண்டாம்.

புகைமூட்டக் காலத்தில் கேமரா அடிக்கடி விலகிக்கொள்வது இயல்பு. நம் கண்ணுக்கே எதிரில் இருப்பது தெரியாத நாளில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

ரப்பர் தோட்டத்துக்குள் போகும்போது யாருமே இல்லாத சாலையில் கார் திடீரென்று பிரேக் பிடித்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் இடிக்கப் பார்த்தது. எங்கே பழுது?

இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னால் வருகிறவருக்கு உயிர்ப் பிரச்சினை இது.

ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில் நிற்கின்றன. காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது சாலையில் வெளிச்சமும் நிழலும் ஏணிப்படி போல மாறி மாறிக் கிடக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் கடக்கிறோம். கேமராவுக்கு முன்னால் இருட்டும் ஒளியும் பட்பட்டென்று மின்னும். ஒரு நிழலின் கூர்மையான விளிம்பை அது பொருளென்று கொள்ள வாய்ப்பு உண்டு. வளைவில் ஓரமாக நிற்கும் லோரி, ஒரு நொடி நேரம் நம் பாதையில் நிற்பது போலத் தோன்றுவதும், சிறு பாலத்தின் இரும்புத் தகட்டில் மோதிய அலை ரேடாருக்கு வலுவாகத் திரும்புவதும் மற்ற காரணங்கள். நம் ஊரில் ஓரத்திலிருந்து சட்டென்று முன்னே நுழையும் கப்சாய் மோட்டார் சைக்கிளும் உண்டு. அந்த நேரத்தில் பிரேக் பிடிப்பது சரியான செயல்தான்.

முதலில் கண்ணாடியையும் பம்பரையும் துடைத்துப் பாருங்கள். அடுத்து, ஒரே இடத்தில்தான் நடக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே வளைவில், ஒரே நேரத்தில் நடந்தால் அது சூழலின் குறை. வெவ்வேறு இடங்களில், நிழலே இல்லாத நேராகச் செல்லும் சாலையிலும் நடந்தால் கேமராவோ ரேடாரோ கோணம் விலகியிருக்கிறது; உடனே பட்டறைக்கு வாருங்கள். பல கார்களில் எச்சரிக்கையின் தூரத்தை ‘முன்கூட்டி’, ‘நடுத்தரம்’, ‘தாமதம்’ என்று மாற்றிக்கொள்ள முடியும். தோட்டச் சாலையில் நடுத்தரத்தில் வைப்பது என் பழக்கம்.

தவறாகப் பிடித்த பிரேக்கை விடுவிக்க, பெரும்பாலான கார்களில் வேக மிதியை உறுதியாக அழுத்தினால் போதும். உங்கள் காரின் கையேட்டில் இதை இன்றே பார்த்து வையுங்கள். அந்த நொடியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தகவமைப்பு வேகக் கட்டுப்பாடு போட்டுப் போகிறேன். முன்னால் போகும் காருக்குச் சரியாக வேகம் குறைக்கிறது. ஆனால் சாலையில் நின்றுபோயிருந்த லோரிக்குக் குறைக்கவில்லை. நானே மிதித்தேன். இது பழுதா?

இல்லை. ரேடார், நகரும் பொருளை நன்றாகப் பிரித்தறியும். நிற்கும் பொருள் என்றால் சாலையோரக் கம்பம், தடுப்பு, பலகை, பாலம் என்று எல்லாமே நிற்கிறவைதான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் கார் ஓடவே முடியாது. அதனால் அதிக வேகத்தில், தொடக்கத்திலிருந்தே நின்றுகொண்டிருக்கும் பொருள்களில் பலவற்றைக் கணினி ஒதுக்கிவிடுகிறது. முன்னால் சென்ற கார் திடீரென்று விலகி, அதன் முன்னால் நின்ற லோரி வெளிப்படும் நிலைதான் மிக ஆபத்தானது.

செம்பனைக் குலை ஏற்றிய லோரியைப் பின்னாலிருந்து பாருங்கள். தளம் உயரத்தில் இருக்கிறது, கீழே வெற்றிடம், மேலே முள்ளும் காம்புமாகக் குலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, விளக்கைச் சேறு மூடியிருக்கிறது. கேமரா பயின்ற ‘லோரியின் பின்பக்கம்’ என்ற உருவத்துக்கும் இதற்கும் ஒற்றுமை குறைவு. மாடுகளும் அப்படித்தான். பல கார்களின் தானியங்கிப் பிரேக் வாகனங்கள், நடப்பவர்கள், சைக்கிளோட்டிகள் ஆகியோருக்காகப் பயிற்றப்பட்டது. விடியற்காலையில் சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டை அது காணும் என்று நம்பி ஓட்டக் கூடாது. திருவிழா இரவில் பால்குடமும் காவடியும் எடுத்து வருகிறவர்களின் உருவமும் கேமராவுக்குப் பழகாதது.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். கார் பிடிக்கும் என்று இரண்டு நொடி காத்திருந்தால் 50 மீட்டர் போய்விடும். எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு தானியங்கித் திறனை 0 முதல் 5 வரை வகுத்திருக்கிறது. நாம் இங்கே வாங்கும் கார்களின் உதவி அமைப்பு 2ஆம் நிலை வரைதான். அந்த நிலையில் சாலையைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது.

ஒரு வாரம் வெளியூர் போய் வந்தேன். காரைத் திறந்ததும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன.

இத்தனை கருவிகளும் ஒரே நாளில் கெடுவது அரிது. பொதுவான ஒன்றைத் தேட வேண்டும், அது பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி. மின்சாரக் காரில் பெரிய பேட்டரி இருந்தும் இந்தச் சின்ன பேட்டரி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கணினிகள், கேமரா, ரேடார், கதவுப் பூட்டு, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாமே 12 வோல்ட்டில்தான் விழித்தெழுகின்றன. மின்னழுத்தம் தாழ்ந்தால் ஒவ்வொரு கணினியும் ‘பக்கத்துக் கணினியோடு தொடர்பில்லை’ என்று புகார் எழுதி வைக்கும்.

ஈயப் பேட்டரியாக இருந்தால், கார் ஓய்ந்திருக்கும்போது முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதுதான் காரணம். நம் வெயிலில் இந்தப் பேட்டரிகள் சீக்கிரமே தளர்ந்துவிடுகின்றன. பிறகு பொருத்திய டேஷ் கேமரா நிறுத்தி வைத்தபோதும் மின்சாரம் இழுக்கிறதா என்று பாருங்கள். தினமும் கைப்பேசியில் காரின் செயலியைத் திறந்து பார்ப்பதும் காரை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொட வேண்டாம்; அவை உயரழுத்த மின்சாரத்துக்குரியவை. 12 வோல்ட் முனையைக் கழற்றுவதற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் தனி முறை உண்டு. உங்கள் மின்சாரக் காரிலிருந்து கம்பி போட்டு வேறு காரை எழுப்பவும் கூடாது. பெரும்பாலான கையேடுகள் அதைத் தடுக்கின்றன.

கல் பட்டு முன் கண்ணாடி உடைந்தது. புதிதாக மாற்றினேன். அதிலிருந்து கார் இடப்பக்கமாகவே ஒதுங்குகிறது.

கண்ணாடியை மாற்றியவர் கேமராவை அளவுதிருத்தம் செய்தாரா, அதாவது அதன் பார்வைக் கோணத்தைக் கருவி கொண்டு சரிசெய்தாரா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்த கார்களை நான் பல பார்த்துவிட்டேன். ஒரு கார் வெளியூர்க் கண்ணாடிக் கடையில் மாற்றப்பட்டு வந்தது. ஒட்டும் வேலை அழகாக இருந்தது, நீர் கசியவில்லை, கேமராவும் பழைய இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாங்கி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது.

ஒரு பாகை விலகினால் என்ன ஆகும்? 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் விலகும். அது ஒரு சாலைத் தடத்தின் பாதி அகலம். நடுவில் ஓடுவதாகக் கார் நினைத்துக்கொண்டிருக்கும், உண்மையில் ஓரக்கோட்டை உரசிக்கொண்டிருக்கும்.

அளவுதிருத்தம் இரண்டு வகை. சமதளத் தரையில், குறிப்பிட்ட தூரத்தில், குறிபோட்ட பலகையைக் காருக்கு நேராக நிறுத்திச் செய்வது ஒன்று. கருவியை இணைத்துவிட்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது மற்றொன்று. சில கார்களுக்கு இரண்டும் தேவை. இரண்டாவது வகைக்குத் தோட்டச் சாலை உதவாது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்கு ஏறினால் வேலை விரைவாக முடியும். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், பின்பகுதியில் கனமான சாமான் இருக்கக் கூடாது.

கண்ணாடிக்கான தனிக் காப்புறுதி எடுத்திருந்தால், அதில் கோருவது, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் உங்கள் என்சிடி கழிவைப் பாதிக்காது. அளவுதிருத்தக் கட்டணமும் அதில் அடங்குமா என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சக்கரங்களின் அலைன்மென்ட், சஸ்பென்ஷன், முன் பம்பர் ஆகியவற்றில் வேலை செய்த பிறகும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஸ்டியரிங் நேராக இல்லாமல் நேராக ஓடும் காரில், எந்தக் கேமராவும் சரியாக வழிநடத்த முடியாது.

பின் பம்பரைச் சரிசெய்து பெயிண்ட் அடித்ததிலிருந்து பக்கவாட்டு எச்சரிக்கை வருவதில்லை.

மூலை ரேடார் இருக்கும் இடத்தில் பட்டி பூசி, அதன் மேல் உலோகத் துகள் கலந்த பெயிண்டைத் தடிப்பாக அடித்தால் அலை வெளியே போகாது. அந்தப் பகுதியில் பட்டி கூடாது. நசுங்கியிருந்தால் பம்பரையே மாற்றுவது நல்லது.

கை ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது. ஆனாலும் ‘கையை வையுங்கள்’ என்று கத்துகிறது.

சில கார்கள் கையின் இழுவிசையை அளக்கின்றன. நேர்ச்சாலையில் கை சும்மா கிடந்தால் அதற்குத் தெரியாது, மெல்ல அசையுங்கள். சில கார்கள் தோலின் தொடுகையை உணர்கின்றன. கடையில் வாங்கிய உறையை மாட்டியிருந்தால் கழற்றுங்கள். ஸ்டியரிங்கில் எடை கட்டித் தொங்கவிட்டுக் காரை ஏமாற்றுவதை நான் பார்த்தால் அங்கேயே அவிழ்த்துவிடுவேன்.

கோடே இல்லாத சாலையில் தடம் காக்கும் உதவி ஒருமுறை பிடிக்கிறது, ஒருமுறை விடுகிறது.

கோடு இருந்தால்தான் அது பிடிக்கும். ஒட்டுப்போட்ட தாரின் கறுப்பு விளிம்பையும் மழைநீர் பளபளப்பையும் கோடென்று எண்ணிக்கொள்ளும். தோட்டத்துக்குள் நுழையும்போது அதை மட்டும் அணைத்துவிட்டு, பட்டணச் சாலைக்கு வந்ததும் போடுங்கள்.

நான் 90இல் போகிறேன், திரை வேறு வேக வரம்பைக் காட்டுகிறது.

பக்கச் சாலையின் பலகையையோ, முன்னால் போகும் லோரியின் பின்புறம் ஒட்டிய வட்ட வேக வில்லையையோ கேமரா படித்திருக்கும். அந்த அளவுக்குத் தானாக வேகத்தை மாற்றும் வசதியை அணைத்து வையுங்கள்.

கேமரன் மலையில் இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, காலையில் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினேன். பிரேக் வேறு மாதிரி இருந்தது, எச்சரிக்கையும் வந்தது.

இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைக் குறைத்து அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் அனுப்ப இடமில்லை. கார் வழக்கமான பிரேக்குக்கு மாறும்; மிதியின் உணர்வும் வேகம் குறையும் விதமும் மாறும். மலையிலிருந்து இறங்கும் நாளில் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வளைவுகளில் தகவமைப்பு வேகக் கட்டுப்பாட்டைப் போட வேண்டாம். முன்னால் போகும் கார் வளைவில் மறைந்ததும், வழி காலியாகிவிட்டது என்று எண்ணி அது வேகமெடுக்கும்.

மென்பொருள் புதுப்பித்த பிறகு பாதி வசதிகள் காணவில்லை.

காரை அணைத்து, பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு கோடுள்ள சாலையில் ஓட்டுங்கள். மறுநாளும் வராவிட்டால் விற்பனை மையத்தை அழையுங்கள்.

தொல்லை தாங்கவில்லை. எல்லாவற்றையும் நிரந்தரமாக அணைத்துவிடலாமா?

தடம் காக்கும் உதவியையும் வேகப் பலகை ஒலியையும் இடத்துக்கேற்ப அணைக்கலாம். தானியங்கி அவசரப் பிரேக்கை அணைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பள்ளி விடும் நேரத்தில் கோலகங்சார் சாலையைக் கடக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுக்க நான்கு தடவை வீணாகப் பிடித்தாலும், ஒரு தடவை சரியாகப் பிடித்தால் போதும்.

பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, ஸ்டியரிங் கனத்தாலோ, எச்சரிக்கையோடு காரின் வேகத் திறன் குறைந்தாலோ அது உதவி அமைப்பின் தொல்லை அல்ல. ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.

பட்டறைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

எச்சரிக்கை எரியும்போதே திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். படத்தைப் பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், இல்லையென்றால் நிறுத்திவிட்டு எடுங்கள். எந்தச் சாலை, எத்தனை மணி, மழையா வெயிலா என்று ஒரு வரி எழுதுங்கள். கடந்த மூன்று மாதத்தில் கண்ணாடி, டயர், பம்பர், பேட்டரி, எண்பலகை எதையாவது தொட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மலிவான கருவியை வாங்கிக் குறியீடுகளை அழித்துவிட்டு வராதீர்கள். அழித்த குறியீடு மீண்டும் வரும்வரை உங்கள் காரோடு நானும் காத்திருக்க வேண்டியிருக்கும். காரைக் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் எவ்வளவு சேறு அப்பியிருக்கிறது என்று நான் முதலில் பார்க்க வேண்டும்.